ஒரே நகரில் முன்கதையும் பின்கதையும்

முற்றுப்பெற்ற கதைக்குப் பின்கதை எழுதுவது இலக்கிய உலகிற்குப் புதிதன்று. சிலம்பிலிருந்து மணிமேகலை கிளைத்ததைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். ஏட்டில் வாழும் காப்பியத்தின் அருகே மற்றொரு காப்பியம் வந்து அமர்வதால் முன்னதற்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. படிப்போன் விரும்பினால் இரண்டையும் படிப்பான், விரும்பாவிடின் ஒன்றோடு நிறுத்திக்கொள்வான். மேடையின் நிலை வேறு. அங்கே கதை ஒவ்வோர் இரவும் உயிருள்ள மாந்தரால் முதலிலிருந்து நிகழ்த்தப்படுகிறது. ஒவ்வோர் இரவும் புதிதாக முடிகிறது. அவ்வாறு முடிந்துகொண்டிருக்கும் ஓர் இசைநாடகத்தின் பின்கதை, அதே நகரில், அதே காலத்தில், வேறோர் அரங்கில் நடைபெறலாமா என்பதே ஈண்டு நம் வினா.

இவ்வினாவிற்கு இலண்டன் மாநகரம் பதினேழு மாதங்கள் விடை தேடியது. காஸ்டன் லெரூ என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் புதினத்தைத் தழுவி ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த 'தி பான்டம் ஆஃப் தி ஓபரா' 1986 அக்டோபர் 9 அன்று ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில் தொடங்கியது. அது நின்றபாடில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்து, அதன் பின்கதையாகிய 'லவ் நெவர் டைஸ்' 2010 மார்ச் 9 அன்று அடெல்ஃபி அரங்கில் தொடங்கிற்று. இதற்கும் இசை லாயிட் வெப்பரே. இரண்டு அரங்குகளுக்கும் இடையே நடந்தே சென்றுவிடும் தொலைவுதான். ஆயினும் பின்னது 2011 ஆகஸ்ட் 27 அன்று திரையை இறக்கிக்கொண்டது. முன்னது தொடர்ந்தது.

சட்டம் இதனைத் தடுக்கவில்லை. படைத்தவரே தம் கதையைத் தொடர்கையில் தடுக்கவும் இயலாது. அரங்கு கிடைத்தது, நடிகர் கிடைத்தனர், பொருளும் கிடைத்தது. ஆதலின் 'இயலுமா' என்ற அளவில் வினா முடிந்துவிட்டது. 'தகுமா' என்பதே எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை காண முதற்கதையின் முடிவை நினைவுகூர்தல் வேண்டும்.

பாரிஸ் இசையரங்கின் நிலவறையில் ஒளிந்து வாழும், முகம் சிதைந்த மேதை ஒருவன் கிறிஸ்டின் என்னும் பாடகியைக் காதலிக்கிறான். அவளோ ரவுல் என்னும் பிரபுவை விரும்புகிறாள். இறுதிக் காட்சியில் ரவுலின் கழுத்தில் சுருக்குக் கயிறு விழுகிறது. 'என்னுடன் இருந்தால் இவன் பிழைப்பான்' என்பது மேதையின் நிபந்தனை. கிறிஸ்டின் அவனை அருவருப்பின்றி முத்தமிடுகிறாள். வாழ்நாளில் முதன்முறையாக அன்பைப் பெற்றவன், அந்த அன்பினாலேயே இருவரையும் விடுவிக்கிறான். துரத்தி வந்த கூட்டம் நிலவறையை அடைகையில் ஆசனத்தில் முகமூடி மட்டுமே கிடக்கிறது. இந்நாடகத்தின் வெற்றிக்கு ஆடம்பரமான சரவிளக்கைக் காரணம் காட்டுவோர் உளர். சரவிளக்கு முதற்பாதியிலேயே விழுந்துவிடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மக்களைக் கண்ணீரோடு வீட்டிற்கு அனுப்புவது அந்த விடுவிப்பே.

பின்கதை இந்த விடுவிப்பின்மேல்தான் கை வைக்கிறது. பத்தாண்டு கழிந்து நியூயார்க்கின் கோனி தீவில் கதை நிகழ்கிறது. முகமூடி மனிதன் அங்கே கேளிக்கைக் கூடம் ஒன்றின் அதிபதி. ரவுல் சூதாடிக் கடன்பட்ட குடிகாரன். திருமணத்திற்கு முன்னர் ஓரிரவு கிறிஸ்டினும் முகமூடி மனிதனும் கூடினர் என்றும், சிறுவன் குஸ்தாவ் ரவுலின் மகனல்லன் என்றும் நமக்குச் சொல்லப்படுகிறது. துறந்தான் என்று நாம் போற்றியவன் துறக்கவில்லையாம்! அவன் மீட்டுக் கொடுத்த இல்லறமோ அடித்தளத்திலேயே பொய்யாம். முன்கதையின் தொடக்கத்தில் முதுமையுற்ற ரவுல், ஏலத்திற்கு வந்த குரங்குப் பொம்மை இசைப்பேழையை வாங்கி, இழந்தவளை எண்ணி உருகுகிறான். பின்கதையிலோ அதே ரவுல் மனைவியைப் பணயமாக வைத்துப் பந்தயம் கட்டுகிறான். நடந்து செல்லும் தொலைவில், ஒரே மாலைப் பொழுதில், ஓர் அரங்கு கட்டியதை மற்றோர் அரங்கு இடித்துக்கொண்டிருந்தது.

திரைப்படங்களில் இதுபோல் நிகழவில்லையா என்று வினவலாம். திரைப்படத்தின் முதற்பாகம் எடுத்து முடிந்த பொருள். பின்வருவது எதுவாயினும் சுருளில் உள்ளது மாறாது. மேடையில் முகமூடியைக் கழற்றும் நடிகர் இன்றிரவு அதனைக் கழற்றவேண்டும். தம் துறவு உண்மையென்று தாமும் நம்பி, அவையோரையும் நம்பச் செய்தல் வேண்டும். மறு அரங்கில் அது பொய்யென்று நிறுவப்படும் வேளையில் அவர்மேல் ஏறும் சுமை சிறிதன்று.

பொருளாதாரக் கணக்கும் இதற்கு மாறாகவே நிற்கிறது. இலண்டனில் இசைநாடகங்கள் பொதுவாக வாரத்திற்கு எட்டுக் காட்சிகள் நடைபெறுவன. ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில் ஏறத்தாழ 1,200 இருக்கைகள். அடெல்ஃபியில் ஏறத்தாழ 1,500. நெடுங்காலம் ஓடும் நாடகங்களை வாழவைப்போரில் வெளியூரார் பெரும்பங்கினர். ஒரே மாலை ஓய்வுடையவர் எதனைத் தேர்வார்? முன்கதை அறியாதவர் முன்கதைக்கே செல்வார். அறிந்து அதனை நேசித்தவரோ, தாம் நேசித்த முடிவு குலைவதைக் காண மற்றொரு நுழைவுச்சீட்டு வாங்கத் தயங்குவார். முன்னது பின்னதற்கு விளம்பரமாக அமையும் என்ற எதிர்பார்ப்பு இங்ஙனம் தலைகீழாயிற்று. 2010 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயிலும் இரண்டையும் அருகருகே நடத்தும் திட்டம் இருந்தது. முதலில் அது தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் நிறைவேறவேயில்லை. முன்கதை அங்கே 13,981 காட்சிகள் கண்டு 2023 ஏப்ரல் 16 அன்றுதான் ஓய்ந்தது.

அப்படியாயின் முன்னது ஓயும்வரை காத்திருப்பதுதான் வழியோ? அதுவும் காப்பதில்லை. 1960இல் தோன்றிய 'பை பை பேர்டி'யின் பின்கதை 1981இல் வந்து நான்கே காட்சிகளில் மறைந்தது. 'ஆனி' 1983இல் நிறைவுற்றபின் உருவான 'ஆனி 2', வாஷிங்டன் நகர முன்னோட்டத்தைத் தாண்டி 1990இல் பிராட்வேயை எட்டவே இல்லை. ஆகவே காலத்தின்மேல் பழி போடுவதற்கில்லை.

இடைவெளியைக் காட்டிலும் இயைபே முதன்மையானது என்பது என் துணிபு. வில்லியம் ஃபின் எழுதிய 'மார்ச் ஆஃப் தி ஃபால்செட்டோஸ்' 1981இலும், அதன் தொடர்ச்சி 'ஃபால்செட்டோலேண்ட்' 1990இலும் வந்தன. 1992இல் இரண்டும் இணைந்து 'ஃபால்செட்டோஸ்' என ஒரே மாலையின் இரு பாதிகளாகப் பிராட்வே மேடையேறின. ஒன்று சொன்னதை மற்றொன்று ஆழப்படுத்தியது. ஆதலின் ஒரே கூரையின்கீழ் வாழ முடிந்தது. ஜெர்மானியரான வாக்னர் தம் 'நிபெலுங்கின் மோதிரம்' என்னும் நான்கு இசைநாடகங்களைத் தொடர் மாலைகளில் ஒரே படைப்பாகவே காணவேண்டும் என்று விரும்பினார். முதலிரண்டும் 1869இலும் 1870இலும் மியூனிக்கில் தனித்தனியே அரங்கேறியது அவர் விருப்பிற்கு மாறாகவே. 1876இல் பைராய்த்தில் தமக்கென அரங்கு கட்டிய பின்னரே அவ்விருப்பம் நிறைவேறிற்று. தொடக்கத்திலேயே முழுமையாக எண்ணப்பட்டவை ஒன்றையொன்று விழுங்குவதில்லை.

ஆகவே என் விடை இது: பின்கதை முன்கதையின் முடிவை முடிவாகவே ஏற்று, அதன் விளைவுகளைத் தொடருமாயின் இரண்டும் உடன்நிகழலாம், அந்த முடிவே நிகழவில்லை என்று கூறுமாயின், முன்னது மேடையில் உயிரோடு இருக்கும்வரை பின்னதற்கு அதனருகே இடமில்லை. 'லவ் நெவர் டைஸ்' இசையில் வறியதன்று. 2011 மே மாதம் மெல்பர்ன் நகரில் சைமன் பிலிப்ஸின் இயக்கத்தில் புத்துருப் பெற்றபோது அது மிகுதியும் பாராட்டப்பெற்றது. முன்கதை அவ்வமயம் அந்நகரில் நடைபெறவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

இலண்டனில் பின்கதையின் முதன்மை வேடங்களைத் தாங்கியவர்கள் ரமீன் கரிம்லூவும் சியேரா போகெஸும். அடெல்ஃபியின் திரை விழுந்த ஐந்தாம் வாரத்தில், 2011 அக்டோபர் தொடக்கத்தில், ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முன்கதையின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா நடந்தது. அங்கே முகமூடி அணிந்தவர் அதே கரிம்லூ. கிறிஸ்டினாகப் பாடியவர் அதே போகெஸ். அவ்விரவும் அவன் அவளை விடுவித்தான். ஆசனத்தில் முகமூடி மட்டுமே கிடந்தது.