மழைக்காலத்தில் கேரம் போர்டு ஏன் ஓடுவதில்லை? வடசென்னை வீடுகளுக்கு ஒரு பராமரிப்புக் கணக்கு

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், தொங்கும் விளக்குக்குக் கீழே நாலு பேர் குனிந்து நிற்பது கண்ணில் படும். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

இந்த வெற்றிகளுக்கெல்லாம் தொடக்கம் ஒரு ப்ளைவுட் பலகைதான். அந்தப் பலகையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

போர்டு 'ஓடணும்' என்றால் என்ன?

சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ப்ளைவுட்டின் தடிமன் குறைந்தது 8 மில்லிமீட்டர். 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு வேகத்தில் அடித்தால், அது போர்டின் குறுக்கே குறைந்தது மூன்றரை முறை போய்வர வேண்டும். இதைத்தான் தெருப் பசங்க 'போர்டு ஓடணும்' என்கிறார்கள்.

மந்தமான போர்டில் பழகும் பிள்ளைக்கு ஓங்கி அடிக்கிற கை வந்துவிடும். போட்டியில் வேகமான போர்டு கிடைத்ததும் அதே அடி ஸ்டிரைக்கரையும் சேர்த்துக் குழிக்குள் தள்ளும். ஒரு ஃபவுல், கையிலிருந்து ஒரு காய் போச்சு. திறமைக் குறைவு என்று நாம் நினைப்பதில் பாதி பலகையின் குறையாக இருக்கலாம்.

கடலோர வீட்டில் என்ன பிரச்சினை?

மழை நாளில் உப்பு ஜாடி கசிவது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. கடல் காற்றில் வரும் உப்பும் பலகையில் படிந்து அதையே செய்கிறது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் சேரும். ஈரத்தில் பவுடர் கட்டிப்படும், தூசி உப்புத்தாள் மாதிரி பலகையைத் தேய்க்கும்.

பழைய குண்டு பல்பு வெளிச்சத்தோடு கொஞ்சம் சூட்டையும் கொடுத்துப் பலகையை உலர்வாக வைத்திருந்தது. எல்இடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் அந்தச் சூடு அதில் கிடைக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய்க் கசிவும் புகுந்தது. அப்படி நீரில் ஊறிய ப்ளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். காய வைத்தாலும் பழைய சமதளம் திரும்பாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆடும் முன்னும் பின்னும் உலர்ந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும். சட்ட ஓரத்தில் தேங்கும் பவுடருக்கு ஒரு பழைய பெயின்ட் பிரஷ் போதும். ஈரத்துணி, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் கூடாது. உப்புத்தாளும் வேண்டாம். மேல் ஏடு மெல்லியது, கோடுகளோடு சேர்ந்து போய்விடும்.

அக்ரிலிக் ஸ்டிரைக்கரைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தலாம். மரக் காய்களை உலர்ந்த துணியால் விளிம்பு வரை துடைத்தால் போதும்.

பெரும்பாலான வீடுகளில் போர்டு பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும். சாய்வாக வைத்தால் நடுப்பகுதி வளையும். படுக்கை வாட்டில் வைப்பது நல்லது, இடமில்லை என்றால் நேர் செங்குத்தாக, மழைநீர் ஊறும் சுவரிலிருந்து தள்ளி வைக்கலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டும், பழைய பெட்ஷீட் போதும். மாதம் ஒருமுறை கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில் பின்பால் மெஷின் வைத்திருப்பவர்களும் எஃகுப் பந்து ஓடும் பலகையை இப்படித்தான் துடைத்து, மேலே மெழுகு பூசுகிறார்கள். தூசியோடு உருளும் பந்து பலகையை அரித்துவிடும் என்பது காரணம். கேரமில் மெழுகு வேண்டாம், பவுடர் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பவுடர் ஆபத்தா?

பல இடங்களில் போடுவது போரிக் பவுடர், கரப்பான் பூச்சிக்குப் போடும் அதே சரக்கு. அதன் துகள்கள் மெல்லிய தகடுகள், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் காய் ஓடுகிறது. ஒரு சிட்டிகை போதும், கை நிறையக் கொட்டினால் வேகம் கூடாது, தூசிதான் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்க நலனுக்குக் கேடு தரக்கூடிய பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. எனவே வாயால் ஊதக் கூடாது, கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் டப்பாவை வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் ஆடும் வீட்டில் உருளைக்கிழங்கு மாவுப் பவுடர் பாதுகாப்பானது.

இது வீட்டு வேலை மட்டும்தானா?

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்திடம் 'போர்டைப் படுக்க வை' என்று சொல்வது சுலபம், இடம் எங்கே? தெரு கிளப்புகள் அந்த இடத்தைத்தான் கொடுக்கின்றன. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே மாலையில் ஆட வேறு களங்கள் குறைவு. அந்த கிளப்புகளில் போர்டு வாங்குவதும் மாற்றுவதும் பெரும்பாலும் உறுப்பினர்களின் கைக்காசில்தான்.

வென்றவருக்குக் கோடி கொடுத்தது சரியான காரியம். ஆனால் அடுத்த காசிமா இப்போது ஏதோ ஒரு தெருவில், ஈரத்தில் உப்பிய பலகையில் ஆடிக்கொண்டிருக்கலாம். மாநகராட்சி சமுதாயக் கூடங்களில் உலர்ந்த ஒரு அறை, சில தரமான போர்டுகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள வருடாவருடம் ஒரு சிறு தொகை: கோடியோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் கணக்கு. பரிசு மேடை போடும் அரசு, அதற்கு முன்னால் அந்தப் பலகைக்கும் காசு ஒதுக்கட்டும்.