ஹொட்லைன் அவர்களுடையது, ரீலோட் நம்முடையது

 

புதிதாக ஷோரூம் எது திறந்தாலும் பெனரில் பெரிய எழுத்தில் "24 மணிநேர ஹொட்லைன்" என்று போடுகிறார்கள். நம்ம சனம் அதை இலவச இலக்கம் என்று நினைக்கிறது. இலவசம் என்று அந்த பெனரில் எங்காவது இருக்கிறதா, பாருங்கள். எடுத்தால் வெட்டுப்படுவது உங்கள் ரீலோட்.

கட்டணமில்லா இலக்கம் என்றால் அழைப்பின் செலவை அழைக்கப்படுபவர் கட்டுவது. அமெரிக்காவில் ஏ.டி. அன்ட் டி. கம்பனி 1967இல் இதை 800 இலக்கமாகக் கொண்டுவந்தது. அதற்கு முன் மறுபக்கம் காசு கட்டச் சம்மதமா என்று ஒப்பரேட்டர் இடையில் வந்து கேட்க வேண்டும். தூரத்து அழைப்பு அப்போது நல்ல விலை. அந்தச் செலவைக் கம்பனிகள் ஏற்றதும் வேறு மாநிலத்து ஆளும் தயங்காமல் எடுத்தார். கிளையே இல்லாத ஊர்களில் ஹோட்டல் அறையும் விமான டிக்கெட்டும் விற்றது. தர்மத்துக்குச் செய்ததல்ல, சுத்த வியாபாரம்.

நம் முதலாளிமார் அதில் பெயரை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு ராத்தா. தவணைக்கு எடுத்த பிரிட்ஜ் வாரண்டி முடியும் முன்பே நின்றுவிட்டது. ஹொட்லைனுக்கு எடுத்தார். தமிழுக்கு இரண்டை அழுத்தினார். பாட்டு. பிறகு அதே கம்பனியின் புதிய பிரிட்ஜ் விளம்பரம்! அதைக் கேட்டுக்கொண்டே 100 ரூபா ரீலோட் முடிந்தது. மறுநாள் திரும்ப ரீலோட் போட்டு எடுத்தால், பேசியவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். ஆனால் தவணை இரண்டு நாள் பிந்தினால் அவர்களே எடுக்கிறார்கள். அவர்கள் காசில், அழகான தமிழில்.

இலவசமாக விட்டால் சின்னப் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள், செலவு கூடும் என்பார்கள். 1990 சுவசெரிய 2016இலிருந்து ஓடுகிறது. அழைப்பும் இலவசம், அம்பியுலன்ஸும் இலவசம். உயிர் காக்கும் சேவை அதைச் சமாளிக்கிறது, பிரிட்ஜ் விற்பவருக்கு முடியாதாம். கிரிக்கெட் ஜெர்சியில் பெயர் அடிக்க மட்டும் காசு இருக்கிறது.

நம்ம ஊர்க் கடைக்காரர்களுக்கும் ஒன்று. உங்களுக்குக் கட்டணமில்லா இலக்கம் எடுக்க வசதியில்லை, சரி. நம் நாட்டில் உள்வரும் அழைப்புக்குக் காசில்லை. "மிஸ்ட் கோல் தாருங்கள், நாங்கள் எடுக்கிறோம்" என்று பில்லில் ஒரு வரி அடியுங்கள், சொன்னபடி திருப்பி எடுங்கள். கடையின் ஃபோனில் ஏற்கெனவே பெக்கேஜ் இருக்கும். சும்மா இருக்கும் நிமிடங்கள்தானே?

வாங்கப்போகும் மற்றவர்கள் காசு கட்டும் முன், கடையில் நின்றே, கடையின் ஃபோனிலிருந்தே அந்த ஹொட்லைனுக்கு ஒரு கோல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டை அழுத்துங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது, எந்த மொழியில் பேசுகிறது என்று சேல்ஸ்மேனும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.