கடைசி ஓவருக்காகக் காத்திருக்கும் யந்திரம்

கணிப்பொறி புகுந்தால் விளையாட்டின் உயிர் போய்விடும், கணக்கு ஒன்றே மிஞ்சும் என்ற அச்சம் பலரிடம் குடிகொண்டிருக்கிறது. ஆனால் கிரிக்கெட் அணி ஒன்றைத் திரையிலே நிர்வகித்து ஆடும் விளையாட்டுகளில், யாரை எப்போது பந்துவீச அழைப்பது என்ற தீர்மானத்தை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது செய்வதை ஒரு பருவம் முழுவதும் பொறுமையோடு கவனித்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான அபிப்பிராயமே ஏற்படும். அங்கே தலைமை வகிக்கும் யந்திரம் கணக்குப் போடுவதால் நம்மை வருத்தவில்லை. கணக்கே போடாமல், மனிதர்களிடமிருந்து இரவல் வாங்கிய சம்பிரதாயம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அனுஷ்டிப்பதால்தான் வருத்துகிறது.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் காளப்பநாயக்கன்பட்டியிலும் இவ்வகை விளையாட்டில் ஈடுபட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் ஆடுகிறேன். எங்கள் எல்லோருக்கும் பொதுவான மனக்குறை ஒன்று உண்டு. எதிரணிக்கு ஐந்து ஓவரில் நாற்பது ரன் வேண்டும்; ஆட்டத்தில் ஊன்றிவிட்ட இருவர் களத்தில் நிற்கிறார்கள்; நம்மிடம் உள்ள தலைசிறந்த வீச்சாளருக்கு இரண்டு ஓவர் மீதம் இருக்கிறது. யந்திரமோ பதினாறாவது ஓவரையும் பதினேழாவது ஓவரையும் எப்போதாவது பந்துவீசும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஆட்டம் கைநழுவிய பிறகு, பத்தொன்பதாவது ஓவரில் ஐந்து ரன்னைக் காக்கும்படி அந்தச் சிறந்தவரை அழைக்கிறது. “ஆளு கையில ரெண்டு ஓவர் இருக்கறப்பவே மேட்ச் முடிஞ்சு போச்சுங்கண்ணா” என்று ஒரு தம்பி சொன்னபோது அவன் குரலில் இருந்த ஆதங்கத்தை, வெறும் விளையாட்டுதானே என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீசக் கூடாது என்பதால், நல்லதைப் பங்கிட்டுச் செலவழிக்கும் விவேகம் தலைவனுக்கு அவசியமே. ஆனால் பங்கிடுவது வேறு, பதுக்குவது வேறு. எங்கள் ஊர் வழியே காரவள்ளிக்குச் சென்று, அங்கே தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டுகிற எவரும், கடைசி வளைவுக்கு வேண்டுமே என்று முதல் கியரைச் சேமித்து வைப்பதில்லை. எந்த வளைவில் வண்டி திணறுகிறதோ அந்த வளைவிலே அதைப் போடுகிறார்கள்.

2024ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி பிரிட்ஜ்டவுனில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்திய அணித் தலைவர் ரோகித் சர்மா செய்ததும் இதுவே. அட்சர் படேலின் பதினைந்தாவது ஓவரில் 24 ரன் குவிந்து, தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும், ஆறு விக்கெட்டுகளும் கையில் உண்டு என்ற நிலை வந்தபோது, தம் தலைசிறந்த வீச்சாளரான பும்ராவின் எஞ்சிய இரண்டு ஓவரையும் இறுதிக்கென்று அவர் ஒளித்து வைக்கவில்லை. பதினாறாவதில் ஒன்று, பதினெட்டாவதில் ஒன்று என்று அப்போதே செலவழித்தார். அந்த இரண்டிலும் சேர்ந்து ஆறு ரன்களே கிடைத்தன, யான்சனின் ஸ்டம்பும் சாய்ந்தது. இடையே பதினேழாவது ஓவரின் முதற்பந்தில் ஹார்திக் பாண்டியா கிளாசனை வீழ்த்தியிருந்தார். கடைசி ஓவர் வந்தபோது காக்க வேண்டியவை 16 ரன்கள். பாண்டியாவே அதை வீசி முடிக்க, ஏழு ரன்னில் இந்தியா வென்றது. பும்ராவின் ஓவர்களைக் கடைசிவரை வைத்திருந்தால், அவர் வந்து காப்பதற்கு ஏதேனும் மிஞ்சியிருக்குமா?

சிறந்தவரைக் கடைசிக்கென்று பதுக்கும் இந்தச் சம்பிரதாயத்தின் முழு வரலாற்றையும் அறிய வேண்டுமானால் அமெரிக்கரின் பேஸ்பாலைப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டத்தைத் தொடங்குபவர் களைத்ததும் அவருக்குப் பதிலாக இறங்குவதற்கென்று பந்தெறிபவர் கூட்டம் ஒன்று மைதானத்தின் ஓரத்தில் காத்திருக்கும். அந்த இடத்துக்குப் புல்பென் என்று பெயர். ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் மீண்டும் வர இயலாது என்பதால் தீர்மானம் கிரிக்கெட்டைவிடக் கடினமானது. முன்னிலையைக் கடைசிவரை காத்து முடிப்பவருக்குச் ‘சேவ்’ என்று ஒரு பெருமையை 1969இல் அதிகாரபூர்வமான புள்ளிவிவரமாக ஏற்றார்கள். 1980களின் இறுதியில் ஓக்லாந்து அணியின் மேலாளர் டோனி லருசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸுக்கென்றே வைத்துக்கொண்டு வெற்றி கண்டார். மற்றவர்கள் அதைப் பின்பற்றப் பின்பற்ற, ஒருவருடைய யுக்தி எல்லோருக்கும் விதியாயிற்று.

அந்த விதி செய்த அநியாயம் 2016 அக்டோபர் 4ஆம் தேதி டொராண்டோவில் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. அவ்வாண்டு 47 வாய்ப்புகளில் 47ஐயும் காத்துக் கொடுத்த சாக் பிரிட்டன், முன்னிலை கிடைத்தால் காப்பதற்கென்று பால்டிமோர் அணியின் புல்பென்னிலேயே இருத்தப்பட்டார். முன்னிலை கிடைக்கவில்லை. சமநிலையால் நீண்ட ஆட்டத்தின் பதினோராம் இன்னிங்ஸில் வேறொருவர் எறிந்த பந்தை டொராண்டோவின் என்கார்னாசியோன் எல்லைக்கு அப்பால் ஹோம் ரன்னாக அடிக்க, பிரிட்டன் ஒரு பந்துகூட எறியாமலே அணியின் பருவம் முடிந்துபோயிற்று. அதே மாதத்தில் கிளீவ்லாந்தின் மேலாளர் டெரி பிராங்கோனா, தம் சிறந்த ஆளான ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவதானாலும் ஏழாவதானாலும் நெருக்கடி நேர்ந்த இன்னிங்ஸில் இறக்கி, அணியைப் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கே அழைத்துச் சென்றார்.

கணக்கின்மீதே பழிசுமத்துவோர் 2020 அக்டோபர் 27ஐ எடுத்துக்காட்டுவார்கள். அன்று உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கி 1-0 என்று முன்னிலையைக் காத்துக்கொண்டிருக்கையில், ஒரே ஆட்டக்காரரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது எறிபவரின் பலம் குன்றும் என்ற விதியை நம்பி அவரை மேலாளர் கெவின் கேஷ் வெளியேற்றினார். எதிரணியான டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. நான் இதைக் கணக்கின் குற்றமாகக் கருதவில்லை. ஸ்னெல்லுக்குப் பதிலாக வந்த நிக் ஆண்டர்சன் அந்த மாதத்தில் தொடர்ந்து ரன் கொடுத்து வந்தவர். இருவரையும் அந்தக் கணத்தில் ஒப்பிட்டு நிறுப்பதல்லவா கணக்கு? கணக்கிலே பிறந்த ஒரு முடிவும், சந்தர்ப்பத்தை மறந்து பிரயோகிக்கப்பட்டால் சம்பிரதாயமாகவே இறுகிவிடுகிறது.

மனிதத் தலைவனுக்காவது பரிந்து பேச நியாயம் உண்டு. பனி எப்போது இறங்கும், எவன் தோளில் எவ்வளவு வலி, எவன் மனம் தளர்ந்திருக்கிறது என்பவற்றை அவன் ஊகித்தே அறிய வேண்டும். பல்லாயிரம் பேரின் கூச்சலுக்கு நடுவே நொடியில் தீர்மானிக்க வேண்டும். தவறினால் மறுநாள் பதில் சொல்லவும் வேண்டும். திரையிலே தலைமை தாங்கும் யந்திரத்துக்கோ அந்த உலகத்தில் மறைபொருளே கிடையாது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறமையும் களைப்பும் அதற்குள்ளே எண்களாகவே இருக்கின்றன. அந்த எண்களைக் கொண்டே அது ஒவ்வொரு பந்தின் பலனையும் நிர்ணயிக்கிறது. பந்தின் பலனுக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடும் யந்திரம், பந்தை யாரிடம் கொடுப்பது என்ற இடத்தில் மட்டும் ஓவரின் எண்ணைப் பார்த்து ஆளைப் பொறுக்குமானால், அது அறியாமையன்று. ஒரு பருவத்தின் ஆட்டங்களையெல்லாம் விரைவாக ஓட்டி முடிக்க வேண்டும் என்பதற்காக நிரலை எழுதியவர் மேற்கொண்ட சுருக்கு வழி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சுருக்கு வழியில் மிகவும் நசுங்குபவர்கள், முத்திரை குத்தப்பட்டவர்கள். அண்டை மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன், யார்க்கர் பந்துகளால் புகழ்பெற்று, 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர். முன்னணி வீச்சாளர்கள் காயமுற்று வீழ்ந்ததால், 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அன்று அவருக்குக் கிடைத்த வேலை கடைசி ஓவரன்று. 113 ரன் சேர்த்து ஊன்றி நின்ற ஆஸ்திரேலியாவின் லபுஷேன், வேட் ஜோடியை நடுவழியில் உடைப்பது. இருவரையும் அவரே வீழ்த்தினார். எங்கள் இளைஞர்கள் ஆடும் விளையாட்டிலோ ‘இறுதி ஓவர் வீச்சாளர்’ என்ற முத்திரை பெற்றவருக்கு, ஊன்றிய ஜோடியை உடைக்கும் வேலை எக்காலத்திலும் வருவதில்லை.

இவ்விளையாட்டுகளை இயற்றுவோரிடம் நான் வேண்டுவது இரண்டே. வீச்சாளரை மாற்றும்போதெல்லாம், கைவசம் இருந்த மற்றவர்களை விட்டு இவரைத் தேர்ந்த காரணத்தை யந்திரம் ஒரு வரியில் சொல்லட்டும். வெற்றி தோல்வியின் நிலை சட்டென்று புரளும் ஓவர் எது என்று அதற்குத் தெரியும். அந்த ஓவர் வரும்போது ஆட்டத்தை நிறுத்தி, பந்தை யாரிடம் கொடுக்கலாம் என்று எங்களைக் கேட்கட்டும். நாங்கள் தோற்றாலும் தோற்கிறோம்.