தண்ணீர் வரும் திசையில் நாம் பார்க்கவில்லை

கோவையில் குழாயைத் திறந்தால் சிறுவாணி வருகிறது. அந்த அணை பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கிறது. தேனியும் மதுரையும் 1895 முதல் தேக்கடித் தண்ணீரில் விளைகின்றன. அது இடுக்கி மாவட்டம். காலையில் நாம் குடிக்கும் தேநீரில் பலருக்கு மூணாற்றுத் தூள். அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று நாளிதழில் தேடிப் படிக்கிறோம். அந்த மலைகளில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டதே இல்லை.

எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், மேடையேறிப் பேசுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் 'நாம்' என்கிறேன். பிள்ளைகளுக்கு முன்மாதிரி சொல்ல வேண்டும் என்றால் கடல் கடந்து போய் ஆள் தேடுகிறோம். கூப்பிடு தூரத்தில், நம் பேச்சுக்கு நெருங்கிய பேச்சைப் பேசிக்கொண்டு இருந்தவர்களை விட்டுவிட்டோம்.

தேவிகுளம் தாலுகாவில் இடமலைக்குடி இருக்கிறது. முதுவர்கள் வாழும் காடு. 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. பாண்டிய நாட்டிலிருந்து மீனாட்சியைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்று முதுவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அங்கே இருப்புக்கல்லக்குடியில் சின்னத்தம்பி என்ற முதியவர் தம் சிறிய டீக்கடையிலேயே நூலகம் நடத்தினார். மொத்தம் 160 புத்தகங்கள், சாக்குப்பைகளில். சேருவதற்கு 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். பஷீர் இருந்தார், எம்.டி. வாசுதேவன் நாயர் இருந்தார், காந்தி இருந்தார். மலையாள மொழிபெயர்ப்பில் சிலப்பதிகாரமும் இருந்தது. எடுத்துப் போனவர்கள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். 2014-ல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியபோது சின்னத்தம்பிக்கு வயது 73. அப்போது பெட்டிமுடி வழியாக வெளியே வர ஏறக்குறைய 18 கிலோமீட்டர் காட்டில் நடக்க வேண்டியிருந்தது.

மதுரை எரிந்த கதையை அந்தக் கிழவர் சாக்கில் வைத்துக் காப்பாற்றினார். ஊருக்கு ஊர் புத்தகத் திருவிழா நடத்தும் நாம், வாசிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், அவர் பெயரை எத்தனை மேடையில் சொல்லியிருப்போம்? வாசகர் குறைந்துவிட்டார் என்று புலம்பிய நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தால் புலம்பல் தானாகவே நின்றிருக்கும்.

அதே மலைத்தொடரில், 2015 செப்டம்பரில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாள் கூலி 232 ரூபாய். கொள்ளுப்பாட்டன் காலத்தில் கங்காணிகள் கூட்டிப்போன தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் அவர்கள். அட்டை கடிக்கும் மலைச்சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து கிள்ளிய கால்கள். அவர்களுக்குப் பின்னால் கட்சி இல்லை. தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டுத் தாங்களே பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தார்கள். கோஷம் தமிழில் எழுந்தது. போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவாகிற வரை எழுந்திருக்கவில்லை. பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு கூலிக்கான போராட்டத்தில் 500 ரூபாய் கேட்டு 301 ரூபாய் பெற்றார்கள். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லைதான். ஆனாலும் படிப்பும் பணமும் இல்லாத பெண்கள் நிர்வாகத்தையும் சங்கங்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நின்ற நிகழ்ச்சி இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அரிது. கேரள அறிவாளிகள் அதைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள். நாமோ நாலு நாள் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பலருடைய சொந்த பந்தம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. அன்று மாலை கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடிக்காரர்களுக்கு 5 லட்சம். அந்த வேறுபாட்டை எதிர்த்து முதலில் எழுந்திருக்க வேண்டிய குரல் நம்முடையது.

அட்டப்பாடி இன்னும் பக்கம். கோவையிலிருந்து ஆனைக்கட்டி, அதைத் தாண்டினால் அட்டப்பாடி. 1951-ல் அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்று பாதிக்கும் குறைவு. நிலம் கை மாறியது. குடியேறியவர்களில் கேரளச் சமவெளிக்காரர்கள் உண்டு. நம் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. இதை நாம் பேசுவதே இல்லை. ஒவ்வோர் ஊரிலும் மூப்பன் இருப்பார். மண்ணூக்காரன் என்று ஒருவர் இருப்பார். விதைப்புக்கு முன் மண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, நாள் பார்த்து விதைப்பைத் தொடங்கி வைப்பது அவர் வேலை. கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து வளரும். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று சோறு போடும். முதியவர்களின் அந்தக் கணக்கு நிலத்தோடு சேர்ந்து போனது. தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. 2013-ல் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது வல்லுநர்கள் வந்து ஊட்டச்சத்துக் குறைவு என்றார்கள். இன்றும் அந்தப் பழங்குடிகள் சிவராத்திரிக்கு விரதமிருந்து மல்லீசுவரன் முடியில் ஏறி விளக்கேற்றுகிறார்கள். நிலம் போன பிறகும் மலையைச் சாமியாகக் கும்பிடுகிறவர்களின் நம்பிக்கைக்கு முன்னால் நம் பக்தி மிகச் சிறியது.

அதே அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22-ல், அரிசி திருடினான் என்று சொல்லி மது என்ற பழங்குடி இளைஞரை அடித்துக் கொன்றார்கள். சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தபோதும் தாயும் சகோதரியும் மண்ணார்க்காடு நீதிமன்றத்தை விட்டு நகரவில்லை. 2023 ஏப்ரலில் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டு, இரண்டு பெண்கள். வீரம் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நஞ்சியம்மாவும் அட்டப்பாடிக்காரர். ஆடு மேய்த்துக்கொண்டு இருளர் பாட்டுகளைப் பாடிவந்தவர். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தானே கட்டிய பாட்டைப் பாடி, 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள். விருது வந்த பிறகும் குடும்ப நிலத்துக்காக அவர் போராட வேண்டியிருந்தது. அவர் பாடியதை யாரும் சொல்லித்தராமலே நாம் புரிந்துகொண்டோம், அவ்வளவு நெருங்கிய மொழி அது. ஆனாலும் மலையாள சினிமா போய்க் கூப்பிடுகிற வரை அந்தக் குரல் நம் காதில் விழவில்லை.

பத்திரிகை ஆசிரியர்களே, பல்கலைக்கழகத் தமிழ்த் துறையினரே, விடுமுறைக்கு மலையேறும் நண்பர்களே: அந்தப் பாட்டுகளும் விதைப்புக் கணக்கும் தெரிந்தவர்கள் வயதானவர்கள். அவர்கள் இருக்கும்போதே போங்கள். படம் எடுப்பதற்கு முன் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை அவர்கள் பெயரோடு எழுதுங்கள்.