எவ்வளவு கொடுக்குது சார்?

தெருவுக்குள் ஒரு புது வண்டி நுழைகிறது. மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வந்திருக்கிறது. நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிறோம். வண்டிக்காரரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? பிரேக் எப்படி என்றா? சர்வீஸ் எங்கே என்றா? இல்லவே இல்லை.

'எவ்வளவு கொடுக்குது?'

மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவது மாதிரி. ஆள் குடிப்பாரா, வேலையில் நிலைப்பாரா என்பதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்துகொள்ளலாம்!

ஆபீஸ் போய் வர பைக் வாங்குகிறவர் இப்படிக் கேட்டால் போகட்டும். நின்றுபோனால் ஆட்டோவில் போவார். ஆனால் வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று இருக்கிறவர்கள் இருக்கிறார்களே... பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தச்சர், ஏ.சி. மெக்கானிக். அவர்களும் இந்த ஒற்றைக் கேள்வியோடு ஷோரூம் வாசலை மிதிக்கிறார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டு ஏ.சி.யைப் பார்க்க வருகிறவர் கதையைச் சொல்கிறேன். ஏணி, கேஸ் சிலிண்டர், வேக்குவம் பம்ப், செம்புக் குழாய்ச் சுருள், இரண்டு பையன்கள். இத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்புவார். வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர் என்று சுற்றுவார். ஒரு நாளைக்கு எப்படிப் போனாலும் 40 கிலோமீட்டர் தாண்டாது. 2023-ல் கடன் போட்டுப் புது டீசல் வேன் எடுத்தார். 'டீசல்தான் சார் உழைக்கும். நல்லாவும் கொடுக்குது' என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் மே மாதம். அக்னி நட்சத்திரம். எங்கள் வீட்டு ஏ.சி. வெறும் காற்றை ஊத, போன் போட்டேன்.

'ஒரு வாரத்துக்கு வர முடியாது சார். வண்டி வொர்க் ஷாப்ல நிக்குது.'

'என்னாச்சு?'

'மஞ்சள் லைட் ஒண்ணு எரிஞ்சுது. சீஸன் நேரம், நான் கண்டுக்கலை. அப்புறம் பிக்கப்பே இல்லை. நாப்பதுக்கு மேல போகவே மாட்டேங்குது. கொண்டுபோய் விட்டா, ஹைவேல ஓட்டறதில்லையான்னு என்னையே கேக்கறாங்க. ஏ.சி. ரிப்பேர் பண்றவன் ஹைவேல போய் யாருக்கு சார் ரிப்பேர் பண்ணுவேன்?'

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அந்த வொர்க் ஷாப்பில் இருந்திருப்பார். ஆனால் அதை வண்டி விற்ற அன்றைக்கே அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

விஷயம் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் எரிந்தால் கரி வரும். அந்தக் கரி நம் நுரையீரலுக்குப் போகாமல் இருக்க, புகைக்குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு ஃபில்டரை வைத்தார்கள். கரியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். நிறைந்ததும் என்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, ஃபில்டரை 600 டிகிரி வாக்கில் சூடாக்கி, கரியைத் தானே எரித்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வண்டி கால் மணி நேரம், இருபது நிமிஷமாவது நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

வேளச்சேரி சிக்னலில் எங்கே ஓட? இரண்டு கிலோமீட்டர் போகிறார், என்ஜினை அணைக்கிறார். மாடியேறி வேலை பார்க்கிறார். மறுபடி மூன்று கிலோமீட்டர், மறுபடி அணைக்கிறார். பாதி எரிந்த கரி அப்படியே நிற்கும். அதன்மேல் புதுக் கரி சேரும். எரிப்பதற்காக விட்ட கூடுதல் டீசலில் கொஞ்சம் எரியாமல் கீழிறங்கி என்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்க்கும். கடைசியில் வண்டி, 'என்னால் இவ்வளவுதான் முடியும்' என்று நாற்பதில் நின்றுவிடும்.

இதில் என்ஜின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதே வண்டியை தினம் காஞ்சிபுரத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போய் வருகிறவரிடம் கொடுத்திருந்தால் அந்த மஞ்சள் விளக்கை அவர் பார்த்தேயிருக்க மாட்டார். பி.எஸ்.6 மேலும் எனக்குக் கோபமில்லை. 'அந்த ஃபில்டரைக் கழட்டிப் போட்டுடலாம்ணே' என்று யோசனை சொல்கிற புண்ணியவான்கள் உண்டு. செய்யாதீர்கள். சட்டப்படி தப்பு, வாரன்ட்டியும் போகும். அதைவிட, அந்தக் கரி உங்கள் தெருப் பிள்ளைகள் மூக்கில்தான் ஏறும்.

என் கோபமெல்லாம் 'டீசல்தான் உழைக்கும்' என்ற பழைய மந்திரத்தின்மேல். அந்த மந்திரம் சும்மா வரவில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊர் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., வெறும் 16 குதிரை சக்தி. டர்போ கிடையாது, ஃபில்டர் கிடையாது. தெருமுனை மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து உட்கார்ந்தால் பெரும்பாலான கோளாறை அங்கேயே பார்த்துவிடுவார். அந்த எளிமைதான் அதன் உழைப்பு.

விலையும் டீசல் பக்கம் இருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம்! டீசல் வாங்காதவரை ஊரே பைத்தியம் என்று சொல்லியிருக்கும். 2014 அக்டோபரில் டீசல் விலையின்மேல் அரசு வைத்திருந்த பிடியை விட்டது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்களே, அப்போது சென்னையில் பெட்ரோல் ஏறக்குறைய 101, டீசல் ஏறக்குறைய 92. வித்தியாசம் 9 ரூபாய்.

விலை மாறிவிட்டது. என்ஜினும் மாறிவிட்டது. மாறாதது நம் மந்திரம் மட்டும்தான்.

'அப்படியே பார்த்தாலும் டீசல் மிச்சம்தானே சார்?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கணக்கு போட்டே பார்த்துவிடுவோம். பி.காம். படித்ததற்கு இதற்காவது உபயோகப்படட்டும்.

ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், வருஷம் 300 நாள். ஆக 12,000 கிலோமீட்டர். டீசல் வண்டி லிட்டருக்கு 20, பெட்ரோல் வண்டி 15 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். டீசலுக்கு 600 லிட்டர், 55,200 ரூபாய். பெட்ரோலுக்கு 800 லிட்டர், 80,800 ரூபாய். வருஷத்துக்கு டீசலில் மிச்சம் 25,600 ரூபாய். சந்தேகமேயில்லை, நல்ல மிச்சம்.

இப்போது அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். சீஸனில் நம் மெக்கானிக்குக் கூலி, எரிபொருள் எல்லாம் போக நாளைக்குக் கையில் 4,000 ரூபாய் நிற்கும் என்று வையுங்கள். வண்டி ஆறு நாள் நின்றால் 24,000 காலி. மேலே வொர்க் ஷாப் பில். டீசல் வண்டிக்கென்று முதலிலேயே கூடுதலாகக் கொடுத்த விலை. அந்தக் கூடுதலுக்குக் கட்டுகிற வட்டி. மிச்சம் எங்கே போனது?

வண்டி நின்றாலும் தவணை நிற்காது. பையன்கள் சாப்பாடு நிற்காது. வெந்துபோன வீட்டுக்காரர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டால், அவர் இனி உங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை. எந்தப் பேரேட்டிலும் வராத நஷ்டம் அது. (என்னையே சொல்கிறேன். நானும் அந்த வாரம் வேறு ஆளைத்தான் கூப்பிட்டேன்.)

ஆகவே முதல் கேள்வி 'எவ்வளவு கொடுக்குது?' அல்ல. 'என் ஓட்டம் என்ன?' என்பதுதான். தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை ஓட்டம், ஒரு டன் பாரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்குங்கள். பாரத்தோடு மேடேற அதற்கு நிகர் இல்லை. நின்று நின்று போகிற ஊருக்குள் வேலை, ஏணியும் டூல் பெட்டியும்தான் சுமை என்றால் பெட்ரோல். சி.என்.ஜி. மலிவுதான். ஆனால் சிலிண்டர் சாமான் இடத்தைப் பிடிக்கும், பங்க்கில் வரிசை நேரத்தைப் பிடிக்கும். 2022-லிருந்து ஏஸே மின்சாரத்திலும் வருகிறது. ஊருக்குள் ஓட்டத்துக்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் சந்துக்குள் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஒயரை எங்கிருந்து இறக்குவார்? அதற்கு வழி இருந்தால் தாராளமாகப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: 'நின்றால் யார் திறப்பார்கள்?'

1984-ல் மாருதி வேன் வந்தது. பிறகு ஆம்னி என்று பேர் மாறி 2019 வரை தயாரித்தார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர். சீட்டுக்கடியில் என்ஜின், உட்கார்ந்தால் சூடு தாங்காது. முன்பக்கம் மோதினால் கால்தான் பம்பர். பாதுகாப்பில் மோசம் என்பதால்தான் அதை நிறுத்தினார்கள், நிறுத்தியதும் சரிதான். ஆனால் எந்த ஊரில் நின்றாலும் திறக்க ஆள் இருந்தது. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று கம்பெனி பேதமில்லாமல் ஓடியது. 'தேசிய என்ஜின்' என்றே கிண்டலாகப் பேர். பி.எஸ்.6 வந்ததும் விடைபெற்றது. அது நம்பகமாக இருந்ததற்கு அதன் திறமை பாதிக் காரணம் என்றால், லட்சக்கணக்கில் ஓடியதால் மெக்கானிக்குகள் அதை மனப்பாடம் செய்திருந்தது மீதிக் காரணம்.

பத்து மாடல்களில் ஓடுகிற என்ஜினின் பாகம் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ மத்தியானத்துக்குள் கிடைக்கும். ஒரே மாடலில் மட்டும் வருகிற அபூர்வ என்ஜினுக்கு 'ஆர்டர் போட்டிருக்கோம் சார்' என்பார்கள். உழைக்கிறவனுக்கு அபூர்வம் ஆகாது. இன்று ஈகோவில் இருக்கிற 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் உறவுக்காரர்கள்தான் ஸ்விஃப்ட்டிலும் வேகன்ஆரிலும் ஓடியிருக்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

பெட்ரோல் என்றால் பிரச்னையே வராது என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். அதிலும் சென்ஸார் உண்டு. ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் அதிலும் தடவத்தான் வேண்டும். 2025-லிருந்து பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பழைய பெட்ரோல் வேன் வாங்குகிறவர், அது இந்தக் கலவையைத் தாங்குமா, ரப்பர் குழாய்கள் எப்படியிருக்கின்றன என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எந்த என்ஜினாக இருந்தாலும், ஆயில் மாற்றுகிற தேதியை 'சீஸன் முடியட்டும்' என்று தள்ளிப்போட்டால் அது உங்களைத் தள்ளவைக்கும்.

கடைசியாக, விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லோன் வாங்க பேன் கார்டு கேட்கிறீர்கள், ஆதார் கேட்கிறீர்கள், பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறீர்கள். 'தினம் எங்கே ஓட்டுவீங்க, எத்தனை கிலோமீட்டர்?' என்று ஒரு கேள்வி கேட்க மட்டும் ஏன் வாய் வரவில்லை? 'மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே இதைச் செய்யுங்கள்' என்று ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து ஸ்டீரிங்கில் ஒட்டிக்கொடுக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? நம் மெக்கானிக்குக் கொடுத்தது ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம். ஆறாவது நாள் வொர்க் ஷாப்பில்தான் அவருக்கு அதன் அர்த்தம் புரிந்தது. இதைச் சட்டமாகவே போட்டாலும் தப்பில்லை. சிகரெட் அட்டையில் எச்சரிக்கை போடச் சொல்கிற தேசம்தானே இது?

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஷோரூமுக்குப் போவதற்கு முன் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் போங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'எந்த வண்டி உங்ககிட்ட அடிக்கடி வருது? எது வந்தா நீங்களே பார்த்துடுவீங்க?' என்று கேளுங்கள். எந்த விளம்பரத்திலும் வராத உண்மை அந்த டீக்கு வரும்.

நம் ஏ.சி. மெக்கானிக் அந்த டீசலை விற்றுவிட்டார். நஷ்டம்தான். இப்போது பெட்ரோல் வேன். போன கோடையில் வந்தவரிடம், பழக்க தோஷம், 'எவ்வளவு கொடுக்குது?' என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, 'எங்கயாவது நின்னுச்சா?' என்றேன்.

'ஒரு நாள்கூட நிக்கலை சார்' என்று ஏணியை இறக்கினார்.