வெள்ளைச் சடைக்குட்டியும் மன்னார் வெயிலும்

கனடாவிலும் லண்டனிலும் வாழும் மன்னார்ப் பிள்ளைகளிடமிருந்து அண்மைக்காலத்தில் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘அப்பா போன பிறகு அம்மா பேசாலையில் தனியே இருக்கிறா. துணைக்கு ஒரு சின்ன நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். கொழும்பில் நல்ல கலப்பினக் குட்டிகள் விற்கிறார்களாம். எதை வாங்கலாம்?’ நான் கால்நடை வைத்தியன் அல்லன். செய்தி எழுதியே காலத்தைக் கழித்தவன். ஆயினும் இந்தக் கேள்விக்குள் நாயைப் பற்றிய கேள்வி ஒன்றும், தாயைப் பற்றிய கேள்வி ஒன்றும் இருப்பதால், என் கருத்தை இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. எங்கள் ஊர்களில் நாய்களை ‘சாதி நாய்’ என்றும் ‘ஊர் நாய்’ என்றும் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். மனிதரிடையே இன்னும் ஒழியாத சொல் நாயின் கழுத்திலும் தொங்குகிறது. இப்போது அவ்விரண்டுக்கும் நடுவே ‘கலப்பினம்’ என்ற மூன்றாவது வகை, கவர்ச்சியான பெயர்களோடு சந்தைக்கு வந்திருக்கிறது. இந்தச் சந்தையின் பிறப்புக் கதை அறியத்தக்கது. 1980களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனமொன்றில் வோலி கொன்ரன் என்பவர் பணியாற்றினார். ஹவாயிலிருந்த பார்வையற்ற பெண்ணொருவருக்கு நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாயின் உரோமம் ஒவ்வாது. எனவே லபிரடோரையும் பூடிலையும் இணைத்துக் குட்டி பெற்றார் கொன்ரன். கலப்பு நாய் என்றபோது அக்குட்டிகளை வளர்க்க எவரும் முன்வரவில்லை. ‘லபிரடூடில்’ என்று பெயர் சூட்டியதும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நாய் அதே நாய்தான். பின்னாளில் கண்டபடி கலப்பினங்களை உருவாக்கி விற்கும் வணிகம் பெருகியதைக் கண்டு, தான் தொடக்கி வைத்த வேலைக்காக வருந்துவதாக 2019-இல் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

கலப்பினம் என்றால் நோயற்றது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அதில் பாதி உண்மை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆராய்ந்த 24 பரம்பரை நோய்களில் 10 தூய இன நாய்களில் கூடுதலாகக் காணப்பட்டன. 13 இரு சாராரிடமும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஒன்று கலப்பு நாய்களில் கூடுதலாக இருந்தது. 2024-இல் லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் மூன்று புகழ்பெற்ற கலப்பினங்களை அவற்றின் தாய், தந்தை இனங்களோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலான நோய்களில் வேறுபாடே தென்படவில்லை. கலப்பு என்பது தாயத்து அன்று. தாயும் தந்தையும் ஒரே குறையைச் சுமந்தால் குட்டியும் அதைச் சுமக்கும்.

அடுத்தது வெயில். மன்னார் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று என்பதை அங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்கு மனிதரைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கிறது. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களின் கலப்பில் பிறந்த குட்டிக்கு அந்த மூச்சே திணறும். பொமரேனியன் கலப்பின் இரட்டை உரோமம் குளிர்நாட்டுக்கென அமைந்தது. குளிரூட்டிய அறையில் எடுத்த படத்தில் பஞ்சுப்பொதி போலத் தெரியும் குட்டி, பேசாலை மணலில் பங்குனி நண்பகலில் என்ன பாடுபடும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். கொழும்புக்குப் பணம் அனுப்புவதற்கு முன், அம்மாவின் தெருவில் விசாரியுங்கள். ஊர் நாயும் எப்போதோ வந்த சடைநாயும் கலந்து பிறந்த, சிறிய உடலும் நீண்ட மூக்கும் குட்டை உரோமமும் கொண்ட குட்டிகள் நம் ஊர்களில் எத்தனையோ. அந்த வெயிலுக்குப் பழகிய தாயின் வயிற்றில் பிறந்தவை அவை. தாயை நேரில் பார்க்கலாம். குட்டி எவ்வளவு வளரும், என்ன குணம் கொள்ளும் என்பதைத் தாயைக் கண்டு ஓரளவு ஊகிக்கலாம். தாயைக் காட்ட மறுப்பவர் எவராயினும் அவரிடம் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கண்ணும் மூக்கும் ஒழுகாமல், வயிறு பூச்சியால் உப்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் ஒன்று: எழுபது வயதுத் தாய்க்குக் குட்டியைவிட, இரண்டு மூன்று வயதான, பழகிய சிறு நாயே உகந்தது. குட்டி காலுக்குள் புகுந்து ஓடும், செருப்பைக் கடிக்கும், இரவில் அழும். வயதானவர் ஒருமுறை தடுக்கி விழுந்தால் என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பராமரிப்பில் முதலிடம் தடுப்பூசிக்கே. இலங்கையில் 1973-இல் மட்டும் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அந்தத் தொகை சில பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது என்றால், நாய்களுக்கு ஊசி போட்டதே அதற்கு முதற் காரணம். ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள், அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நாய் கடித்தால், வீட்டு நாயாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். பார்வோ போன்ற நோய்களுக்கான ஊசிகளும் பூச்சிமருந்தும் குட்டிப் பருவத்தில் அவசியம். காதின் உட்புறத்திலும் விரல்களின் இடையிலும் உண்ணி இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் சிறு நாயைச் சில நாட்களில் வீழ்த்திவிடும். நடைக்கு விடியற்காலையே ஏற்றது.

உணவில் மன்னாருக்கே உரிய எச்சரிக்கைகள் சில. கருவாட்டின் உப்பு சிறு நாய்க்கு ஆகாது. மீனை அவித்து, முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். வெங்காயம் சேர்ந்த குழம்பை ஊற்றக் கூடாது. வலையில் அகப்பட்டுக் கரையில் வீசப்படும் பேத்தை மீனைத் தின்றால் நாய் பிழைப்பது அரிது. ஆகவே கடற்கரையில் வாரில்லாமல் விடவேண்டாம். சிறு நாய்களின் மூச்சுக்குழல் மென்மையானது. கழுத்துப் பட்டியைவிட மார்புப் பட்டியே நல்லது.

அயலையும் நினைக்க வேண்டும். பேசாலையும் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் அருகருகே இருக்கும் தீவு அது. நாயின் எச்சில் பட்டால் தூய்மை செய்தே தொழவேண்டியவர்கள் அடுத்த தெருவில் வாழ்கிறார்கள். 1990-இல் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலம் கழித்துத் திரும்பி வந்து வீடு கட்டியவர்கள் அவர்களுள் பலர். அவர்களது வாசலில் உங்கள் நாய் போய் நிற்காதபடி வேலியை அடைப்பது அயலுறவின் குறைந்தபட்ச மரியாதை.

கருத்தடைச் சத்திரசிகிச்சையை மறவாதீர்கள். தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006-இல் கைவிட்டது. அது சரியான முடிவு. ஆனால் ஊசியும் கருத்தடையும் இல்லையேல் அந்த முடிவு நிற்காது. வேண்டாத குட்டிகள் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கடற்கரையிலும் விடப்படுகின்றன. பிழைத்தவை கூட்டமாகத் திரிகின்றன. 2010-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்தின் நீர்ப்பரப்பில் வலசை வரும் பறவைகளுக்கும் அத்தகைய கூட்டங்கள் தொல்லையே. பயன் தீர்ந்தபின் அவிழ்த்துவிடப்பட்ட உயிரினம் என்னவாகும் என்பதற்கு மன்னார் நகரத் தெருக்களில் பிளாஸ்ரிக் மென்று நிற்கும் கழுதைகளே சாட்சி. ஒரு காலத்தில் பொதி சுமந்த குலத்தின் வாரிசுகள் அவை.

இறுதியாக, பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்வி. சிறு நாய் 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். அம்மாவுக்கு விசா கிடைத்து அவர் உங்களிடம் வந்துவிட்டால், அல்லது நோயில் விழுந்துவிட்டால், நாய் யாரிடம் போகும்? போர்க்காலத்தில் எங்கள் மக்கள் நாய்களை முற்றத்தில் விட்டுவிட்டுப் படகேறியதை எவரும் குறை சொல்ல முடியாது. உயிரைக் காக்கப் போனவர்கள் அவர்கள். விமானச் சீட்டை மாதக்கணக்கில் முன்பதிவு செய்யும் நமக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது. நாயைத் தேடுமுன், அதைப் பின்னர் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஓர் உறவினரையோ அயலவரையோ தேடுங்கள். அவரது சம்மதத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஊசிக்கும் உணவுக்கும் மாதாமாதம் ஒரு தொகையை அவர் பெயரில் ஒதுக்குங்கள். அப்படி ஒருவர் அகப்படவில்லையென்றால் நாய் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆண்டுக்கொருமுறை நீங்களே ஊருக்குப் போய் அம்மாவோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.