கல் வெட்டத் தண்ணீர் வேண்டும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நிகழ்ச்சியைக் கேட்டவர்களில் பலர், "குரல் ஏன் இப்படி இருக்கு, சளியா?" என்று புலனத்தில் விசாரித்தார்கள். சளி இல்லை. கல் தூசு.

தீபாவளிக்குள் அம்மா வீட்டு வாசற்படிக்கு கிரானைட் பதித்துவிட நினைத்தேன். ஒவ்வொரு கல்லும் 20 மில்லிமீட்டர் தடிப்பு. இரண்டே கல்லை ஓரம் வெட்டினால் போதும். இதற்கு எதற்கு ஆள் என்று வீட்டில் கிடந்த 4 அங்குலக் கிரைண்டரை எடுத்தேன். ஒரு கல்லை முடிப்பதற்குள் கார் போர்ச் முழுக்க வெள்ளைப் புகை. வெட்டிய ஓரமோ பல் போன சீப்பு மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் வந்தார். இருபது வருடத்துக்கு மேல் டைல்ஸ் பதித்தவர். "தம்பி, மெஷின நிறுத்து. தண்ணி எங்க?" என்றார். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை இருமிவிட்டார். அவர் நுரையீரலில் கல் தூசு படிந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருப்பதை அன்றுதான் சொன்னார். "எங்க காலத்துல மூஞ்சில துண்டு கட்டிக்கிட்டு வெட்டுவோம். யாரும் ஒண்ணும் சொல்லல."

கிரானைட்டில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருக்கிறது. அதை உலர்ந்தபடி வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூளில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா இன்னும் அதிகம். அதை வெட்டிய தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோய்ப்பட்டதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

அப்படியானால் எதை வைத்து வெட்டுவது? அண்ணன் சொல்லிக் கொடுத்ததை வரிசையாகத் தருகிறேன்.

கோடு கிழித்து அழுத்தி உடைக்கும் கை கட்டர் மெல்லிய டைல்ஸுக்குத்தான் சரி. தடித்த இயற்கைக் கல் அந்தக் கோட்டில் நேராக உடையாது.

4 அங்குலக் கிரைண்டரில் நடுவில் நட்டு, மேலே காப்புத் தகடு. பிளேடில் ஏறக்குறைய கால் பங்குதான் கல்லுக்குள் இறங்கும். 20 மில்லிமீட்டர் கல்லுக்கு அது மட்டுமட்டு. கையில் பிடித்து ஓட்டுவதால் கோடும் நேராக வராது. சாதாரணக் கிரைண்டர் மீது தண்ணீர் ஊற்றுவது அதைவிட ஆபத்து. மின்சாரம் தாக்கும்.

நேராகவும் சுத்தமாகவும் வெட்ட, தண்ணீர்த் தொட்டியோடு வரும் மேசைக் கட்டர்தான் ஏற்றது. வாங்கத் தேவையில்லை, வாடகைக்கு எடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாய் மாட்டும்படியே செய்த மார்பிள் கட்டர். எதுவானாலும் பிளேடு இறங்கும் ஆழம் கல்லின் தடிப்பைவிட அதிகமா என்று பாருங்கள். மின்கசிவு துண்டிப்பான் உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள்.

அடுத்து பிளேடு. இடைவெளி விட்ட வைர பிளேடு வேகமாக வெட்டும், ஓரத்தைச் சிதைக்கும். ஓரம் வெளியே தெரியுமென்றால் இடைவெளியில்லாத, முழு விளிம்பு பிளேடு வாங்குங்கள். உறையில் எந்தக் கல்லுக்கு என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். ஈப்போ மார்பிள் மென்மையானது, கிரானைட் கடினமானது. கல் கடினமாக இருந்தால், வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையாக இருக்க வேண்டும். அது தேயத் தேயத்தான் புது வைரம் வெளியே வரும். தேயாவிட்டால் பிளேடு வழவழத்துப் போய், வெட்டாமல் சூடேறும். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது.

முதலில் மேலாக ஒரு கோடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம். தள்ளாதீர்கள், பிளேடு தானாகப் போகட்டும். தண்ணீர் இருந்தாலும் முகத்தோடு ஒட்டிய என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். வழியும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிடுங்கள். காய்ந்தபின் பெருக்கினால் அதே தூசு மறுபடியும் எழும்.

மீதிக் கல்லை நான் வெட்டவில்லை. அளவெடுத்து, வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். அங்கே தண்ணீர் விட்டு வெட்டித் தந்தார்கள். குரல் மூன்று நாளில் திரும்பிவிட்டது. அண்ணனுக்கு இருமல் அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டு வேலைக்கு ஆள் வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணி விட்டுத்தானே வெட்டுவீங்க?" வாசல் நனையும், சேறாகும், வேலை கொஞ்சம் தாமதமாகும். பரவாயில்லை, குழாயைத் திறந்து விடுங்கள்.